கிராஃபீனும் நானோ துகளும்: காந்த அளவீடு குழப்பினால் எங்கே தேடுவது

கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். அதன் ஆக்சிஜன் ஏறிய வடிவமான கிராஃபீன் ஆக்சைடைத் தண்ணீரில் கலைத்து, அதிலேயே இரும்பு உப்புகளைக் கரைத்து, அமோனியா விட்டு, மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களைத் தாளின் மேலேயே வளர்க்கிறோம். கழுவி, உலர்த்தி, பொடித்து, சின்னக் குப்பியில் போட்டு வி.எஸ்.எம். கருவி (மாதிரியை அதிரவைத்து அதன் காந்தத்தை அளப்பது) இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறோம். சில வாரம் கழித்து ஒரு எக்செல் கோப்பு வருகிறது. வரைந்து பார்த்தால் எதிர்பார்த்த வடிவம் இல்லை. இல்லாவிட்டால் எதிர்பார்த்ததைவிட அழகாக இருக்கிறது. இதுதான் அதிக ஆபத்து. இரண்டு நேரத்துக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். உங்கள் வரைபடத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்த இடத்துக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் அடுத்த மூன்று பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள்.

எந்த வரைபடத்தையும் முதலில் நிறையால் வகுக்காமல் பாருங்கள். கருவி அளப்பது காந்தத் திருப்புத்திறனை, அதாவது மாதிரி மொத்தமாக எவ்வளவு வலிய காந்தம் என்று சொல்லும் வெறும் இ.எம்.யூ. எண்ணை. 'கிராமுக்கு இத்தனை இ.எம்.யூ.' என்பது நாம் போடும் கணக்கு. ஒரு மில்லிகிராம் மாதிரியில் நிறையை எடை போடுவதில் வரும் பிழை, ஈரம், குப்பியில் ஒட்டிப்போன பொடி எல்லாமே அந்த வகுத்தலுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

நல்ல வி.எஸ்.எம். 10⁻⁶ இ.எம்.யூ. வரை பார்க்கும், மீகடத்தியால் இயங்கும் ஸ்குவிட் கருவி 10⁻⁸ வரை போகும். இந்த எண்களோடு தூசியை ஒப்பிட்டுப் பாருங்கள். 10⁻⁵ இ.எம்.யூ. தருவதற்கு மேக்னடைட் எவ்வளவு வேண்டும்? 0.1 மைக்ரோகிராம் சொச்சம். பக்கத்துக்கு 28 மைக்ரோமீட்டர் உள்ள ஒரே ஒரு மேக்னடைட் துணுக்கு போதும். தலைமுடியின் தடிமன்கூட வராது. தூய இரும்பாக இருந்தால் 18 மைக்ரோமீட்டரே போதும். உங்கள் மூல எண் 10⁻⁴ இ.எம்.யூ.வுக்குக் கீழே இருக்கிறது என்றால், அது மாதிரியிலிருந்துதான் வருகிறது என்பதை நீங்கள் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கும்வரை அது தூசியின் எண்.

இன்னொன்று: காலி மாதிரித் தாங்கியை, அதே பசை, அதே நாடா, அதே கேப்சூலுடன், அதே புலத்தில் ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கருவி இயக்குபவரிடம் கேட்டால் செய்து தருவார். கேட்கத் தயங்கித்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

துகள் சேர்க்காத வெறும் கிராஃபீனிலேயே கண்ணி தெரிகிறது

ஒப்பீட்டுக்காக அளந்த வெறும் கிராஃபீனில், அறை வெப்பநிலையிலேயே காந்தத் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கோடு வேறு வழியில் போவதால் விழும் வளையம்) திறந்திருக்கிறது. சின்னதுதான், ஆனால் இருக்கிறது. உடனே 'குறைபாடுகளால் தூண்டப்பட்ட ஃபெர்ரோ காந்தம்' (புலத்தை எடுத்த பிறகும் நிலைக்கும் காந்தம்) என்று எழுதக் கை துடிக்கும். கையைக் கட்டிப்போடுங்கள்.

இந்தக் குழியில் பெரிய பெரிய குழுக்களே விழுந்திருக்கின்றன. 2001-ல் கார்பன் 60 மூலக்கூறுகளை அழுத்தி உருவாக்கிய பொருள் அறை வெப்பநிலையிலும் ஃபெர்ரோ காந்தமாக இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. மாதிரியில் இரும்பு மாசு இருந்தது தெரிந்து 2006-ல் அது திரும்பப் பெறப்பட்டது. அதில் சொல்லப்பட்ட கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ காந்தம் மறையும் வெப்பநிலை) சுமார் 500 கெல்வின். இரும்பு கார்பைடின் கியூரி வெப்பநிலையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். 2004-ல் ஹாஃப்னியம் ஆக்சைடு படலத்தில் காந்தம் இருப்பதாகச் செய்தி வந்தது. மறு வருடமே இன்னொரு குழு காட்டியது: எஃகு இடுக்கியால் படலத்தைப் பிடித்தாலே அந்த மாதிரிக் கண்ணி வந்துவிடுகிறது. கிராஃபீனைப் பொறுத்தவரை மான்செஸ்டர் குழு 2010-ல் 2 கெல்வின் வரை குளிர்வித்துத் தேடியும் ஃபெர்ரோ காந்தம் கிடைக்கவில்லை. 2012-ல் அதே ஊரிலிருந்து வந்த வேலை, மிக உயர்தரம் என்று விற்கப்படும் கிராஃபைட் கட்டிகளுக்குள்ளேயே மைக்ரோமீட்டர் அளவில் காந்தத் துணுக்குகள் புதைந்திருப்பதைக் காட்டியது.

சரி, உங்கள் மாதிரியில் இரும்பு எப்படி வந்திருக்கும்? நான் தேடும் வரிசை இது.

முதலில் மூல கிராஃபைட். மண்ணிலிருந்து எடுத்த கிராஃபைட்டில் இரும்பு, நிக்கல், கோபால்ட் இருக்கும். ஆக்சிஜனேற்றம் செய்து, ஒடுக்கி, கிராஃபீன் என்று பெயர் மாற்றினாலும் அவை கூடவே வரும். கணக்கு போடுங்கள்: 10 மில்லிகிராம் மாதிரியில் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) இரும்பு என்றால் 1 மைக்ரோகிராம். அது உலோக வடிவில் இருந்தால் 2×10⁻⁴ இ.எம்.யூ. தரும். மாதிரியின் நிறையால் வகுத்தால் கிராமுக்கு 0.02 இ.எம்.யூ. உங்கள் 'கிராஃபீன் காந்தம்' இந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, காந்தக் கலக்கியின் உருளை. இதை யாரும் சந்தேகிப்பதில்லை. டெஃப்லான் உறையில் கீறல் விழுந்த பழைய உருளை, அமிலத்தில் மணிக்கணக்கில் சுழலும்போது உள்ளே இருக்கும் காந்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசலுக்குத் தரும். உறை நன்றாக இருந்தாலும், நேற்று வேறொருவர் மேக்னடைட் செய்தபோது ஒட்டிய துகள்கள் அதன் மேலேயே இருக்கும். அது காந்தமாயிற்றே, சோப்பு போட்டுக் கழுவினால் விடாது. நான் ஒருமுறை இரண்டு மாதம் துரத்திய கண்ணி, உருளையைப் புதிதாக மாற்றியதும் மறைந்துவிட்டது. இப்போது காந்தமில்லாத மாதிரிகளுக்கென்று தனி உருளை, தனி பீக்கர் வைத்திருக்கிறேன். முடிந்தால் மேலிருந்து சுழலும் கண்ணாடித் தண்டு இன்னும் நல்லது.

அப்புறம் எஃகு இடுக்கி, எஃகுக் கரண்டி, பிளேடு. பிளாஸ்டிக்குக்கு மாறிவிடுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை.

சோதிக்கும் முறை: மாதிரியைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, மறுபடி அளங்கள். கண்ணி சுருங்கினால் அது தாளின் காந்தம் அல்ல. சுருங்காவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். கிராஃபைட் அடுக்குகளுக்குள் மூடப்பட்ட துணுக்கை அமிலம் தொடாது. அதனால் இன்னொரு பகுதியை, தனிமங்களின் அளவைச் சொல்லும் ஐ.சி.பி. சோதனைக்கு அனுப்பி இரும்பு, நிக்கல், கோபால்ட், மாங்கனீசு நான்கையும் எண்ணில் வாங்குங்கள். அந்த இரும்பு முழுவதும் உலோகமாக இருந்தால் எவ்வளவு இ.எம்.யூ. வரும் என்று கணக்கிடுங்கள். அளந்த எண் அதற்குள் அடங்கிவிட்டால் கதை முடிந்தது. உயர் வெப்பநிலை அளவீடு கிடைத்தால் இன்னும் தெளிவு: சமிக்ஞை 858 கெல்வினில் அணைந்தால் மேக்னடைட், 1043-ல் அணைந்தால் இரும்பு, 627-ல் என்றால் நிக்கல்.

கிராஃபீனில் குறைபாடுகள் காந்தமே தருவதில்லை என்று நான் சொல்லவில்லை. ஃபுளோரின் அணு ஒட்டிய இடமும், கார்பன் அணு பிடுங்கப்பட்ட இடமும் எலக்ட்ரான் தற்சுழற்சி (ஸ்பின்) அரை கொண்ட காந்தத் திருப்புத்திறனைத் தருகின்றன என்று 2012-ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது பாரா காந்தம், புலம் இருக்கும்வரைதான் நிற்கும். தாழ்வெப்பநிலையில் மட்டும் தலைகாட்டும், கண்ணி போடாது.

உயர் புலத்தில் கோடு தட்டையாகாமல் சாய்கிறது

கீழ்நோக்கிச் சாய்ந்தால் டயா காந்தம், அதாவது புலத்துக்கு எதிராக எழும் வலுவற்ற காந்தம். கிராஃபைட் சார்ந்த பொருள், சிலிக்கான் தளம், கேப்சூல், நாடா எல்லாமே அதைத் தரும். 5 மில்லிமீட்டர் சதுரமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சிலிக்கான் துண்டு 10,000 ஓர்ஸ்டெட் (1 டெஸ்லா) புலத்தில் ஏறக்குறைய 3×10⁻⁵ இ.எம்.யூ. எதிர்மறையாகத் தரும். அதன் மேல் இருக்கும் ஒற்றைத் தாள் கிராஃபீன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 76 நானோகிராம்தான்; தளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனால் இரண்டு காரணம் பொதுவானவை. ஒன்று, துகளின் மேற்பரப்பில் ஒழுங்கு குலைந்த தற்சுழற்சிகள். எவ்வளவு புலம் கொடுத்தாலும் அவை முழுதாகத் திரும்புவதில்லை. இன்னொன்று மாங்கனீசு. கிராஃபைட்டைக் கிராஃபீன் ஆக்சைடாக்கும் ஹம்மர்ஸ் முறையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுகிறோம். கழுவும்போது போகாமல் தாளின் ஆக்சிஜன் தொகுதிகளில் பிடித்துக்கொண்ட மாங்கனீசு அயனி வலுவான பாரா காந்தம். அறை வெப்பநிலையில் அடங்கிக் கிடந்து, 2 கெல்வினில் வரைபடத்தையே விழுங்கிவிடும்.

சாய்வைக் கழிக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கக் கூடாது. கடைசிச் சில புள்ளிகளில் நேர்கோடு பொருத்திக் கழித்தால், உண்மையிலேயே தெவிட்டாத (புலம் கூடினால் காந்தம் இன்னும் கூடும்) துகளைத் தெவிட்டியதுபோல் வெட்டிவிடுவீர்கள். காலித் தாங்கியின் அளவைக் கழிப்பதுதான் நேர்மையான வழி. கழிக்காத வரைபடத்தையும் துணைக் கோப்பில் கொடுத்துவிடுங்கள்.

கிராமுக்கு வரும் எண் மிகக் குறைவு

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். 'மேக்னடைட் 92 இ.எம்.யூ. என்று புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு 30 தான் வந்தது, கிராஃபீன் காந்தத்தை அடக்குகிறதா?' என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் யாரும் எதையும் அடக்கவில்லை. எண் படிப்படியாக இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். படிகளை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்போம்.

முதல் படி, உங்கள் பொடியில் இரும்பு ஆக்சைடு எத்தனை சதவீதம்? வினையில் போட்ட உப்பை வைத்துச் சொல்லாதீர்கள். கழுவும்போது எவ்வளவு போனது என்று தெரியாது. டி.ஜி.ஏ. (சூடேற்றும்போது நிறை மாறுவதை அளப்பது) எடுங்கள். காற்றில் சூடேற்றினால் கார்பன் எரிந்துபோகும், சிவப்புப் பொடி மிஞ்சும். அந்தச் சிவப்பு ஹெமடைட், இன்னொரு இரும்பு ஆக்சைடு. மேக்னடைட் ஆக்சிஜனை வாங்கி 3.45 சதவீதம் கனத்துவிட்டது. அதனால் மிஞ்சிய நிறையை 0.967-ஆல் பெருக்கினால்தான் தொடக்கத்திலிருந்த மேக்னடைட் கிடைக்கும். கிராஃபீன் ஆக்சைடு ஈரத்தை நன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே 120 டிகிரிக்குள் போகும் நிறையைத் தண்ணீர் என்று தனியே கழியுங்கள். வி.எஸ்.எம்.முக்கு எடை போட்ட அன்றும் அந்தத் தண்ணீர் மாதிரிக்குள்தான் இருந்தது.

இரண்டாம் படி, துகள் சிறியது. நானோ துகளின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கு காந்தத்தில் பங்கெடுப்பதில்லை. 10 நானோமீட்டர் துகளில் அரை நானோமீட்டர் அடுக்கு அப்படிச் செத்துப்போனால், வேலை செய்யும் கனஅளவு 0.9-இன் மும்மடி, அதாவது 73 சதவீதம். ஒரு நானோமீட்டர் என்றால் 51 சதவீதம். புத்தகத்து 92 உங்களுக்கு 67 ஆகவோ 47 ஆகவோ மாறியது இங்கேதான்.

மூன்றாம் படி, அது மேக்னடைட்தானா? காற்று பட்டால் 10 நானோமீட்டர் துகள் தானாகவே மேக்ஹமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடு ஆகிவிடும். அதற்குக் கிராமுக்குச் சுமார் 76. இரண்டும் ஒரே மாதிரிப் படிக அமைப்பு. மேக்னடைட்டின் அலகுக் கூடு 8.396 ஆங்ஸ்ட்ராம், மேக்ஹமைட்டுக்கு 8.35 அளவில். நானோ துகளின் அகன்ற எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் அளவீடு) முகடுகளை வைத்து இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம். 'எக்ஸ்.ஆர்.டி. அட்டையோடு பொருந்தியது, ஆகவே மேக்னடைட்' என்ற வரியை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். எக்ஸ் கதிரால் வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்.பி.எஸ்.-இல் இரும்பு 2பி பகுதியில் 719 எலக்ட்ரான் வோல்ட் அருகே துணை முகடு தெளிவாகத் தெரிந்தால் மேக்ஹமைட் பக்கம் சாயுங்கள். காமா கதிரால் இரும்பு அணுவின் நிலையைப் பார்க்கும் மாஸ்பவர் நிறமாலை கிடைத்தால் நல்ல சாட்சி: அறை வெப்பநிலையில் பெரிய படிக மேக்னடைட் இரண்டு ஆறுகோட்டுத் தொகுதிகளாகப் பிரியும்.

இதைவிட மோசம் ஹெமடைட் கலந்திருப்பது. அதற்குக் கிராமுக்கு 1 இ.எம்.யூ.கூட வராது, சும்மா பாரம். வினையின்போது நைட்ரஜன் ஓட்டம் நின்றிருந்தாலோ, பெர்ரஸ் உப்பு பழசாகி மஞ்சளாக இருந்தாலோ, இரண்டுக்கு ஒன்று என்ற பெர்ரிக்–பெர்ரஸ் விகிதம் குலைந்து இப்படிப்பட்டவை கிளம்பும். கிராஃபீன் ஆக்சைடே பெர்ரஸ் அயனியை ஆக்சிஜனேற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். தாள் இருக்கும் கரைசலில் இரண்டுக்கு ஒன்று போட்டால் இரண்டுக்கு ஒன்றாகவே நிற்காது. பெர்ரஸைச் சற்று அதிகமாகப் போடுவது உதவும். பொடியின் நிறத்தைப் பாருங்கள். கருமை இல்லாமல் பழுப்போ செங்கல் நிறமோ அடித்தால் அளவீட்டுக்கு அனுப்பவே தேவையில்லை.

இப்போது பெருக்குங்கள். 60 சதவீத ஆக்சைடு, அது மேக்ஹமைட், 73 சதவீதம் மட்டும் உயிருள்ள பகுதி: 76-ஐ 0.6-ஆலும் 0.73-ஆலும் பெருக்கினால் 33. அந்த '30' எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? கிராஃபீனுக்கும் துகளுக்கும் இடையே மின்னூட்டம் கைமாறியது என்று சொல்ல இங்கே இடமே இல்லை. அப்படிச் சொல்லவேண்டுமென்றால் ஒரு ஒப்பீடு கட்டாயம்: அதே துகளைத் தனியாகச் செய்து, அதே அளவு கிராஃபீனோடு வெறுமனே கலந்து அளந்த எண். இந்த வெறும் கலவைக்கும் உங்கள் கலப்புப் பொருளுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் பேச உரிமையுள்ள விஷயம்.

எண் மிக அதிகமாக, ஆக்சைடின் நிறைக்குக் கணக்கிட்ட பிறகும் 92-ஐத் தாண்டி வந்தால், எடை போட்டதில் பிழை, அல்லது கருவியின் அளவுத்திருத்தம் தவறு, அல்லது உலோக இரும்பு உருவாகியிருக்கிறது. நிக்கல் கோளத்தை அளந்து கிராமுக்கு 55 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி அந்தக் கோளத்தைவிட நீளமாக இருந்தாலும் எண் மாறும்.

சூப்பர் பாரா காந்தம் என்று நினைத்தால் சின்னதாக நீக்குத்திறன் தெரிகிறது

வெப்பம் காந்தத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பதால், 10 நானோமீட்டர் துகள் அறை வெப்பநிலையில் கண்ணி போடக் கூடாது; அதுதான் சூப்பர் பாரா காந்தம். உங்களுக்கு 20, 30 ஓர்ஸ்டெட் காந்த நீக்குத்திறன் (காந்தத்தைப் பூஜ்யமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) வருகிறது. துகள்கள் சேர்ந்து கட்டியானதோ, சில பெரிய துகள்கள் கலந்ததோ காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். மாதிரியின் காந்தத்தை அல்ல, கருவியின் காந்தத்தை.

மீகடத்திச் சுருளை 7 டெஸ்லா வரை ஏற்றி இறக்கினால், சுருளுக்குள்ளேயே சிறிது புலம் சிக்கிக்கொள்ளும். திரை பூஜ்யம் என்று காட்டும், உள்ளே 20 முதல் 30 ஓர்ஸ்டெட் இருக்கும். அது பொதுவாகக் கடைசியாகக் கொடுத்த புலத்துக்கு எதிர்த்திசையில் இருப்பதால், இறங்கும் கோடும் ஏறும் கோடும் இடம் மாறி, தலைகீழான கண்ணி விழும். எதிர்மறை நீக்குத்திறன் என்று ஒன்று உங்கள் வரைபடத்தில் தெரிந்தால் இதுதான். பல்லேடியம் மாதிரியை அதே வரிசையில் அளங்கள். பல்லேடியம் பாரா காந்தம், கோடு பூஜ்யத்தின் வழியாகப் போகவேண்டும். எங்கே வெட்டுகிறதோ அதுவே உங்கள் புலப் பிழை. அந்த எண்ணை வைத்து மாதிரியின் புலத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

கல்லூரிகளில் இருக்கும் இரும்பு முனை மின்காந்தத்தில் கதை வேறு. அங்கே புலத்தை ஹால் உணரி அளக்கிறது, காந்தத் திருப்புத்திறனைச் சுருள் அளக்கிறது. சுருளின் சமிக்ஞையைச் சராசரி எடுக்கும் நேரம் நீளமாக இருந்து புலம் வேகமாக ஓடினால், இரண்டாவது எண் பின்தங்கி வரும். வரைந்தால் பொய்யான கண்ணி. பாதி வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். நீக்குத்திறனும் பாதியானால் அது கருவியின் தாமதம்.

இதே சிக்கிய புலம்தான், புலமின்றிக் குளிர்வித்து எடுக்கும் இசட்.எஃப்.சி. கோடு தாழ்வெப்பநிலையில் பூஜ்யத்துக்குக் கீழே தொடங்குவதற்கும் காரணம். குளிர்விக்கும் முன் புலத்தை ஊசலாட்டிக் குறைத்துக் கொண்டுவந்தால் சரியாகும்.

தாளில் ஏற்றியதும் தடைப்படு வெப்பநிலை மாறிவிட்டது

தடைப்படு வெப்பநிலை என்பது துகளின் காந்தம் வெப்பத்தால் புரளத் தொடங்கும் இடம்; இசட்.எஃப்.சி. கோட்டின் முகடு அதைக் காட்டும். தனித் துகளுக்கு இந்த முகடு 90 கெல்வின், தாளில் வளர்த்த பிறகு 130 என்று வைத்துக்கொள்வோம். 'இடைமுக விளைவு' என்று எழுதும் முன்பு மூன்று கேள்வி.

துகளின் அளவு மாறவில்லையே? தடைப்படு வெப்பநிலை கனஅளவோடு போகிறது. 10 நானோமீட்டர் 11 ஆனால் அளவில் பத்து சதவீதம்தான் வித்தியாசம், வெப்பநிலையில் 33 சதவீதம். தாளின் ஆக்சிஜன் தொகுதிகளே துகளுக்கு முளைக்கும் இடம் தருவதால், தாளில் வளர்ந்த துகளும் தனியாக வளர்ந்த துகளும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். டி.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் இரண்டிலும் சில நூறு துகள்களை எண்ணி, பரவலையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

துகள்களுக்கிடையே இடைவெளி மாறவில்லையே? மேக்னடைட்டின் திசைச்சார்பு ஆற்றலை (காந்தத்தை ஒரு திசையில் பிடித்துவைப்பது) மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 10 நானோமீட்டர் துகளின் தடைப்படு வெப்பநிலை 17 கெல்வினுக்குப் பக்கத்தில்தான் வரவேண்டும். உலர்ந்த பொடியில் அதைவிட எவ்வளவோ மேலே வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் இருமுனை விசையால் ஒன்றையொன்று பிடித்துவைப்பது. தாளில் துகள்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் முகடு இறங்கும், கொத்தாகக் குவிந்தால் ஏறும். பொடியைப் பாரஃபின் மெழுகில் நன்றாகப் பரவவிட்டு ஒரு சதவீதத்துக்கும் கீழே நீர்க்கச் செய்து மறுபடி அளங்கள். முகடு நகர்ந்தால் இடைவெளிதான் பேசியது. தாளிலேயே கொத்தாக இருப்பதை மெழுகு பிரிக்காது, அதற்கு டி.இ.எம். படம்தான் சாட்சி.

அளந்த புலமும் வேகமும் ஒன்றா? 50 ஓர்ஸ்டெட்டில் எடுத்ததை 500-இல் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. புலம் கூடினால் முகடு இறங்கும்.

இந்த மூன்றையும் தாண்டி வித்தியாசம் நின்றால் மகிழ்ச்சி. அப்போதுதான் உண்மையான ஆராய்ச்சிக் கேள்வியே தொடங்குகிறது.

50 கெல்வின் அருகே ஒரு மேடு. 120 கெல்வினில் எதிர்பார்த்த படி இல்லை

மேடு என்றால் ஆக்சிஜன். மாதிரி அறைக்குள் புகுந்த காற்றில் உள்ள ஆக்சிஜன் உறைந்து, 54 கெல்வினுக்கும் 44 கெல்வினுக்கும் இடையே தன் காந்தத்தைக் காட்டுகிறது. கிராஃபீன் பொடியின் துளைகளில் காற்று நன்றாகவே தங்கும். கேப்சூலில் ஊசித் துளை போட்டு, அறை வெப்பநிலையில் பலமுறை ஹீலியம் நிரப்பி உறிஞ்சினால் போய்விடும். கட்டுரைகளில் இந்த மேட்டுக்குப் புதிய நிலைமாற்றம் என்று பெயர் வைத்திருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

120 கெல்வின் படி, 1939-ல் வெர்வே கண்ட மாற்றம். மேக்னடைட்டுக்கு உரியது. 10 நானோமீட்டர் துகளில் அது தெரியாமல் போவது இயல்பு, கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் ஆனாலும் மங்கும். ஆகவே அது இருந்தால் மேக்னடைட் இருக்கிறது என்று சொல்லலாம். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது

ஃபெர்ரோ காந்தத்தோடு ஒட்டிய எதிர்ஃபெர்ரோ காந்தம் (அணுக்களின் காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பது) கண்ணியைத் தள்ளும், பரிமாற்றச் சார்பு என்ற இந்த விளைவை 1956-ல் மெய்க்கில்ஜானும் பீனும் கோபால்ட் ஆக்சைடு போர்த்திய கோபால்ட் துகள்களில் கண்டார்கள். இருபரிமாணத் தாளில் கோபால்ட் அல்லது நிக்கல் துகள் வைத்துக் காற்றில் விட்டால், தாளுக்குச் சம்பந்தமே இல்லாமல் துகளின் மேலேயே அந்த ஆக்சைடு உறை வந்துவிடும். எனவே நகர்வு எந்த வெப்பநிலையில் மறைகிறது என்று பாருங்கள். கோபால்ட் ஆக்சைடின் நீல் வெப்பநிலை (எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு மறையும் இடம்) 291 கெல்வின், நிக்கல் ஆக்சைடுக்கு 525. எதிர்ஃபெர்ரோ காந்தத் தாளான இரும்பு பாஸ்பரஸ் ட்ரைசல்ஃபைடுதான் காரணம் என்று நினைத்தால் நகர்வு 118 கெல்வினை ஒட்டியாவது மறையவேண்டும்.

அதற்கும் முன்னால், புலத்தைத் திருப்பிக் குளிர்வித்து அளங்கள். நகர்வும் திசை மாறினால் உண்மை. மாறாமல் அதே பக்கம் நின்றால் சிக்கிய புலம். கண்ணியின் இரு கைகளும் உச்சிப் புலத்தில் ஒன்றுசேராமல் இருந்தால் மாதிரி தெவிட்டவே இல்லை. அப்படிப்பட்ட பாதிக் கண்ணி எப்போதும் நகர்ந்துதான் தெரியும்.

கோட்டில் திடீர்த் தாவல்கள்

பொடி கேப்சூலுக்குள் நகர்கிறது, அல்லது துகள் தாளோடு சேர்ந்து புலத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. 37 டிகிரியில் உருகும் ஐகோசேன் இரண்டு துளி விட்டு உறையவையுங்கள்.

இராமன் நிறமாலையில் டி பட்டை உயர்ந்துவிட்டது

காந்த அளவீடு இல்லையென்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த டி பட்டையைக் காட்டித்தான் 'துகள் தாளில் குறைபாடு உண்டாக்கியது, அதனால் காந்தம்' என்று வாதம் கட்டுகிறார்கள். குறைபாடுகளால் எழும் கிராஃபீனின் டி பட்டை 1350 செ.மீ.⁻¹ அருகே. ஹெமடைட்டின் வலுவான பட்டை ஒன்று 1320 அருகே. லேசர் சூட்டில் மேக்னடைட் ஹெமடைட்டாக மாறினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 225, 293 இடங்களில் கூர்முகடு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே இறக்கி, புதிய இடத்தில் மறுபடி எடுங்கள்.

தாளே காந்தம், துகள் வைத்ததும் கண்ணி பெரிதாகிறது

2017-ல் ஒற்றை அடுக்கு குரோமியம் ட்ரைஅயோடைடு 45 கெல்வின் வரை ஃபெர்ரோ காந்தமாக இருப்பது காட்டப்பட்டதிலிருந்து, இதன் மேல் நானோ துகள் வைத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இந்தத் தாள் ஈரக் காற்றில் நிமிடங்களில் கெட்டுவிடும். துகளைத் திரவத்தில் கலந்து சொட்டுவது என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எல்லாம் கையுறைப் பெட்டிக்குள், நடுவே போரான் நைட்ரைடு உறையோடு நடக்கவேண்டும்.

பத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் ஒற்றைத் தாளின் மொத்தத் திருப்புத்திறன் 1.4×10⁻¹¹ இ.எம்.யூ. ஸ்குவிட்டின் எல்லைக்கு ஆயிரம் மடங்கு கீழே. ஆகவே கெர் விளைவால் (காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் சுழல்வது), ஒளியால்தான் பார்க்கமுடியும். ஒரு 10 நானோமீட்டர் மேக்னடைட் துகளுக்கு 2.5×10⁻¹⁶. ஏறக்குறைய 56,000 துகள்கள் அந்தத் தாளின் மேல் உட்கார்ந்தால் தாளின் காந்தத்துக்குச் சமம். அது 42 நானோமீட்டருக்கு ஒரு துகள் என்ற பரவல், சாதாரணமாகச் சொட்டினாலே வந்துவிடும். போதாததற்கு, அந்தத் துகளின் சொந்தக் கண்ணியும் தடைப்படு வெப்பநிலைக்குக் கீழே, அதே சில பத்து கெல்வினில்தான் திறக்கிறது. குளிர்விக்கும்போது இரண்டும் ஒன்றாக விழித்துக்கொள்ளும், பெரிதான கண்ணி யாருடையது என்று தெரியாது. அதே துகளை, அதே அடர்த்தியில், தாள் இல்லாத போரான் நைட்ரைடின் மேல் வைத்து, அதே ஒளிப்புள்ளியில், அதே வெப்பநிலைகளில் முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டைக் கழித்தபின் என்ன மிஞ்சுகிறதோ அதை வரையுங்கள்.